போர்ட் செக்யூரிட்டி எதை எண்ணுது, எதை எண்ணாது: ஸ்விட்ச்ல போடுறதுக்கு முன்னாடி

மேனேஜ்டு ஸ்விட்ச் (கமாண்ட் போட்டு செட் பண்ற நெட்வொர்க் ஸ்விட்ச்) வெச்சிருக்கற இடங்கள்ல போர்ட் செக்யூரிட்டி, அதாவது ஒரு போர்ட்ல எத்தனை சாதனம் வரலாம்னு கட்டுப்படுத்துற வசதி, பத்தி ரெண்டு விதமா புலம்பல் வரும். ஒண்ணு, "போட்டும் வெளியாள் லேப்டாப்ப மாட்டி நெட்வொர்க்குக்குள்ள வந்துட்டான்"னு. இன்னொண்ணு, "போட்ட மறுநாள் காலைல பாதி சீட்ல நெட் வரல"ன்னு. ரெண்டுமே நடக்கும், ரெண்டுக்கும் காரணமும் ஒண்ணுதான். இது ஆளை அடையாளம் பார்க்குற வசதின்னு நினைச்சு போடுறாங்க, ஆனா அது அடிப்படையில எண்ணிக்கை பார்க்குற வசதி. எதை எண்ணுது, எப்ப மறுபடி பூஜ்யத்துல இருந்து எண்ண ஆரம்பிக்குதுன்னு புரிஞ்சா மிச்ச கமாண்ட் எல்லாம் அஞ்சு நிமிஷ வேலை.

உதாரணத்துக்கு சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 எடுத்துக்கலாம், காலேஜ் லேப்லயும் சின்ன ஆபீஸ்லயும் இதை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. வேற கம்பெனி ஸ்விட்ச்ல கமாண்ட் பேர் மாறும், மேக் லிமிட்னு கூட சொல்லுவாங்க, உள்ள இருக்கற விஷயம் கிட்டத்தட்ட இதேதான். கமாண்ட் எல்லாம் இங்க உச்சரிப்புல எழுதியிருக்கு, ஸ்விட்ச்ல அடிக்கறப்ப இங்கிலீஷ்ல அடிக்கணும்.

முதல்ல ஸ்விட்ச் எப்படி வேலை செய்யுது

ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் ஒரு மேக் அட்ரஸ் இருக்கு. 48 பிட், எழுதறப்ப 12 இலக்கம் (0 முதல் 9, ஏ முதல் எஃப்). முதல் பாதி, அதாவது 24 பிட், கார்டு செஞ்ச கம்பெனிக்கு ஐஇஇஇ அமைப்பு ஒதுக்கிக் கொடுத்த நம்பர், மிச்சத்தை கம்பெனி தானே போட்டுக்கும்.

ஒரு சிஸ்டம் ஃப்ரேம், அதாவது ஒரு டேட்டா பொட்டலம், அனுப்பினா அதுல அனுப்புனவரோட மேக்கும் இருக்கும், போய்ச் சேர வேண்டியவரோட மேக்கும் இருக்கும். ஸ்விட்ச் அனுப்புனவரோட மேக்கை பார்த்து "இந்த மேக், இந்த விலான், இந்த போர்ட்ல இருக்கு"ன்னு ஒரு டேபிள்ல எழுதிக்கும். இதுதான் மேக் டேபிள், கேம் டேபிள்னும் சொல்லுவாங்க. விலான்னா, ஸ்விட்சை தனித்தனி நெட்வொர்க்கா பிரிச்சு வெச்சதுல ஒரு பகுதி. அடுத்து அந்த மேக்குக்கு ஏதாவது வந்தா டேபிளை பார்த்து அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். 300 செகண்ட் அந்த மேக்ல இருந்து எதுவும் வரலைன்னா டேபிள்ல இருந்து எடுத்துடும். போய்ச் சேர வேண்டிய மேக் டேபிள்லயே இல்லைன்னா? அப்ப அந்த விலான்ல இருக்கற எல்லா போர்ட்டுக்கும் அனுப்பி வெக்கும், உரியவர் எடுத்துக்கட்டும்னு. இதுக்குப் பேர் ஃப்ளடிங்.

இதுல ரெண்டு விஷயத்தை மனசுல வெச்சுக்கணும்.

1. ஃப்ரேம்ல என்ன மேக் எழுதியிருக்கோ அதை ஸ்விட்ச் அப்படியே நம்பும். சரிபார்க்க அதுகிட்ட வழி எதுவும் கிடையாது.
2. டேபிளுக்கு ஒரு அளவு இருக்கு. 2960ல சுமார் 8000 மேக் பிடிக்கும்.

டேபிளை நிரப்பிட்டா என்ன ஆகும்

1999, 2000 வாக்குல டக் சாங்னு ஒருத்தர் டிஸ்னிஃப்னு ஒரு டூல் தொகுப்பு வெளியிட்டார், அதுல மேக்ஆஃப்னு ஒரு சின்ன புரோகிராம். அது செய்யற வேலை ஒண்ணே ஒண்ணு, கண்டபடி பொய் மேக் போட்டு ஃப்ரேமா அனுப்பிக்கிட்டே இருக்கும். ஒரு சாதாரண லேப்டாப்ல ஓட்டினாலே நிமிஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல அனுப்பும், 8000 இடம் நிரம்ப சில செகண்ட் போதும்.

நிரம்பின உடனே எல்லாம் வெளிய தெரிஞ்சிடாது, இதை நிறைய பேர் தப்பா சொல்றாங்க. ஏற்கனவே டேபிள்ல இருக்கற மேக், பேசிக்கிட்டே இருக்கற வரைக்கும் அங்கயேதான் இருக்கும். ஆனா ஒரு சிஸ்டம் அஞ்சு நிமிஷம் சும்மா இருந்தா போதும், அதோட இடம் காலியாகும், அந்த இடத்துல உடனே ஒரு பொய் மேக் வந்து உக்காந்துக்கும், அந்த சிஸ்டம் திரும்ப வர்றப்ப அதுக்கு இடம் இருக்காது, அதுக்கு வர்ற டேட்டா எல்லாம் விலான் முழுக்க ஃப்ளட் ஆகும், தாக்குறவன் தன் போர்ட்ல உக்காந்தபடியே அதை பார்த்துக்கலாம். இந்த பொய் ஃப்ரேம் பக்கத்து ஸ்விட்சுக்கும் ஃப்ளட் ஆகிப் போறதால அங்க இருக்கற டேபிளும் நிரம்ப ஆரம்பிக்கும்.

இதைத் தடுக்க ரொம்ப நேரடியான வழி, ஒரு போர்ட்ல இத்தனை மேக்தான் வரலாம்னு வரம்பு போடுறது. ஒரு மேஜைல ஒரு சிஸ்டம் இருக்குன்னா அந்த போர்ட்ல ஒரு மேக் வரணும், போனும் இருந்தா ரெண்டு. பத்தாயிரம் வர்றதுக்கு நியாயமே இல்ல. போர்ட் செக்யூரிட்டியோட அடிப்படை இவ்வளவுதான்.

கான்ஃபிகர் பண்றது, வரிசை முக்கியம்

எதுவும் போடாத நிலையில போர்ட் செக்யூரிட்டி ஆஃப்ல இருக்கும். ஆன் பண்ணினா, வேற எதுவும் சொல்லலைன்னா, மேக்ஸிமம் 1, மீறினா போர்ட்டை மூடிடும். அதனால இந்த வரிசைல போடுறது நல்லது:

இன்டர்ஃபேஸ் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/5
ஸ்விட்ச்போர்ட் மோட் ஆக்சஸ்
ஸ்விட்ச்போர்ட் போர்ட்-செக்யூரிட்டி மேக்ஸிமம் 3
ஸ்விட்ச்போர்ட் போர்ட்-செக்யூரிட்டி வயலேஷன் ரெஸ்ட்ரிக்ட்
ஸ்விட்ச்போர்ட் போர்ட்-செக்யூரிட்டி ஏஜிங் டைம் 2
ஸ்விட்ச்போர்ட் போர்ட்-செக்யூரிட்டி ஏஜிங் டைப் இன்ஆக்டிவிட்டி
ஸ்விட்ச்போர்ட் போர்ட்-செக்யூரிட்டி

1. ரெண்டாவது வரி இல்லைன்னா போர்ட் டைனமிக் மோட்லயே இருக்கும், அப்ப ஸ்விட்ச் "இது டைனமிக் போர்ட்"னு சொல்லி கடைசி வரியை ஏத்துக்காது.

2. கடைசி வரி, எந்த வார்த்தையும் சேர்க்காம வெறுமனே நிக்குதே, அதுதான் போர்ட் செக்யூரிட்டியை ஆன் பண்ற வரி. மேல இருக்கற எல்லாம் செட்டிங் மட்டும்தான். நிறைய பேர் மேக்ஸிமம் போடுவாங்க, வயலேஷன் போடுவாங்க, இந்த வெறும் வரியை விட்டுடுவாங்க. கான்ஃபிக்ல பார்த்தா போர்ட் செக்யூரிட்டின்னு நாலு வரி கண்ணுல படும், ஆடிட்ல கூட தாண்டிடும், ஆனா ஒண்ணும் வேலை செய்யாது.

3. இதை ஏன் கடைசில போடணும்னா, போனும் சிஸ்டமும் ஓடிக்கிட்டிருக்கற போர்ட்ல இதை முதல்ல அடிச்சா அந்த நொடியே மேக்ஸிமம் 1 அமலுக்கு வரும், ரெண்டாவது மேக் கண்ணுல பட்டதும் போர்ட் மூடிடும், அடுத்த வரியை நீங்க டைப் பண்றதுக்குள்ள அங்க உக்காந்திருக்கறவர் போன்ல பேசிக்கிட்டிருந்தது அறுந்து போயிருக்கும்.

மீறினா என்ன பண்றது: மூணு வழி

மீறல்னு ஸ்விட்ச் எதைச் சொல்லுதுன்னா, வரம்பு நிரம்பின போர்ட்ல புது மேக் வந்தாலும் மீறல், ஒரு செக்யூர் போர்ட்ல பதிஞ்ச மேக் அதே விலான்ல இன்னொரு செக்யூர் போர்ட்ல தலைகாட்டினாலும் மீறல்.

புரொடெக்ட்: புது மேக்கோட ஃப்ரேமை கீழ போட்டுடும், யாருக்கும் சொல்லாது, எண்ணிக்கையும் ஏத்தாது. இதை எங்கயும் போடாதீங்கன்னுதான் சொல்லுவேன். தாக்குதல் நடந்தாலும் தெரியாது, நியாயமான ஆள் மாட்டிக்கிட்டாலும் தெரியாது, "லைட் எரியுது ஆனா நெட் வரல"ன்னு ஒரு நாள் பூரா கேபிளை மாத்திக்கிட்டு இருப்பீங்க.

ரெஸ்ட்ரிக்ட்: ஃப்ரேமை கீழ போடும், லாக் எழுதும், எஸ்என்எம்பி டிராப் (கண்காணிப்பு சர்வருக்கு போற எச்சரிக்கை) செட் பண்ணியிருந்தா அனுப்பும், மீறல் எண்ணிக்கை ஏறும். ஏற்கனவே அந்த போர்ட்ல இருக்கற நியாயமான சிஸ்டம் பாட்டுக்கு வேலை செய்யும்.

ஷட்டவுன்: மொத்த போர்ட்டையும் எர்-டிசேபிள் நிலைக்கு தள்ளிடும். பச்சை லைட் போயிடும், போன் சிஸ்டம் எல்லாம் சேர்ந்து போகும். திரும்ப எழுப்ப இன்டர்ஃபேஸ்ல போய் ஷட்டவுன், அப்புறம் நோ ஷட்டவுன்னு ரெண்டு கமாண்ட் அடிக்கணும். இல்லைன்னா எர்டிசேபிள் ரெகவரி காஸ் பிசெக்யூர்-வயலேஷன்னு ஒரு வரி போட்டா 300 செகண்டுக்கு அப்புறம் தானா எழும்பும். ஆனா மீறுன சாதனம் இன்னும் அங்கயே மாட்டியிருந்தா எழும்பும், விழும், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை இதே கதைதான்.

ஆபீஸ் மேஜைக்கெல்லாம் ரெஸ்ட்ரிக்ட் போதும்னு நான் உறுதியா நினைக்கிறேன். மேக் ஃப்ளடிங்க அதுவும் தடுத்துடுது, ஒரு பையன் தெரியாம ஒரு சாதனம் கூட மாட்டினதுக்காக பக்கத்துல இருக்கற போனையும் சேர்த்து அணைக்கறது தேவையில்லாத தண்டனை. ஷட்டவுன் போட வேண்டிய இடம் வேற: வெளிச்சுவர் கேமரா, ரிசப்ஷன்ல ஆள் பார்வை படாத மூலையில இருக்கற பிரிண்டர், வராண்டா ஐஓ பாக்ஸ் (சுவர்ல இருக்கற நெட்வொர்க் சாக்கெட்). அங்க எல்லாம் ஒரே சாதனம்தான் வருஷக்கணக்கா இருக்கும், மாறுச்சுன்னா ஏதோ தப்புன்னு அர்த்தம்.

ஒரு லாக் வரியை படிச்சுப் பார்ப்போம்

லேப்ல போர்ட் 12 விழுந்துடுச்சு. ஷோ லாகிங் அடிச்சா இப்படி ஒரு வரி: பிசெக்யூர் வயலேஷன், காரணம் மேக் 0800.2745.1190, போர்ட் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/12. அதுக்கு பக்கத்துலயே இன்னொரு வரி, போர்ட்டை எர்-டிசேபிள்ல போடுறேன்னு.

அந்த மேக்கோட முதல் ஆறு இலக்கத்தை பாருங்க, 080027. இது விர்ச்சுவல்பாக்ஸ்ங்கற சாஃப்ட்வேர் தன் விர்ச்சுவல் மெஷினுக்கு (கம்ப்யூட்டருக்குள்ள சாஃப்ட்வேரா ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்) போடுற முன்பகுதி. அதாவது யாரும் வெளிய இருந்து வரல, அந்த சீட்ல இருக்கற ஸ்டூடன்ட் லினக்ஸ் போட்டுப் பார்க்கலாம்னு விர்ச்சுவல் மெஷினை பிரிட்ஜ்டு மோட்ல ஆன் பண்ணியிருக்கார், அது தனி மேக்கோட நெட்வொர்க்ல எட்டிப் பார்த்திருக்கு. நேட் மோடுக்கு, அதாவது அந்த சீட் கம்ப்யூட்டரோட மேக் வழியாவே வெளிய போற மோடுக்கு, மாத்தச் சொன்னா முடிஞ்சது. 005056ன்னு ஆரம்பிச்சா விஎம்வேர். ரெண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ இதுல ஒண்ணா இருந்தா அது கம்பெனி போட்ட மேக் இல்ல, சாஃப்ட்வேர் தானா உருவாக்கினதா இருக்க வாய்ப்பு அதிகம். இப்படி அரை நிமிஷம் அந்த நம்பரை படிச்சாலே யார்கிட்ட போய் என்ன கேக்கணும்னு தெரிஞ்சிடும், படிக்காம நோ ஷட்டவுன் மட்டும் அடிச்சுவிட்டா சாயங்காலம் மறுபடி விழும்.

கேபிளைக் கழட்டினா மறந்துடும்: ஸ்டிக்கி எதுக்குன்னா

முதல் புலம்பலுக்கு விடை இங்கதான் இருக்கு. மேக்ஸிமம் 1 போட்டாச்சு, ஸ்டிக்கி போடல, ஸ்டாடிக்கா எந்த மேக்கும் எழுதி வெக்கல. ஒருத்தர் ஆபீஸ் சிஸ்டத்தோட கேபிளைக் கழட்டி தன் லேப்டாப்ல மாட்டுறார். என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. லிங்க் டவுன் ஆனதுமே கத்துக்கிட்ட மேக்கை ஸ்விட்ச் மறந்துடும், லேப்டாப் மேக் இப்ப அந்த போர்ட்டோட முதல் மேக், எண்ணிக்கை 1, வரம்பும் 1, மீறல் இல்ல. ஸ்விட்ச் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு, "ஒரே நேரத்துல ஒண்ணு"ன்னுதான நீங்க கேட்டீங்க, "இது மட்டும்தான்"னு கேக்கலையே.

"இது மட்டும்தான்"னு சொல்ல ரெண்டு வழி:

1. ஸ்டாடிக்: மேக்கை நீங்களே கையால டைப் பண்றது. பத்து கேமரா இருந்தா பரவால்ல, இருநூறு சீட் இருந்தா நடக்கற காரியம் இல்ல.
2. ஸ்டிக்கி: போர்ட்-செக்யூரிட்டி மேக்-அட்ரஸ் ஸ்டிக்கின்னு போட்டா, வர்ற முதல் மேக்கை ஸ்விட்சே கத்துக்கிட்டு ரன்னிங் கான்ஃபிக்ல எழுதி வெச்சுக்கும், கேபிளைக் கழட்டினாலும் மறக்காது.

ஆனா ரன்னிங் கான்ஃபிக்தான். காப்பி ரன் ஸ்டார்ட் அடிச்சு சேவ் பண்ணலைன்னா கரன்ட் போய் வந்ததும் எல்லாம் போச்சு, மறுபடி யார் முதல்ல பேசறாங்களோ அவங்க மேக் ஒட்டிக்கும்.

ஸ்டிக்கிக்கு ஒரு விலையும் உண்டு, ரெண்டாவது புலம்பல் பெரும்பாலும் அங்க இருந்துதான் வருது. சனிக்கிழமை சீட் மாத்தினாங்க, அஞ்சாம் போர்ட்ல இருந்த சிஸ்டம் ஏழாம் போர்ட்டுக்கு போச்சு, ஏழுல இருந்தது பதினொண்ணுக்கு. திங்கள் காலைல எல்லாரும் ஆன் பண்றப்ப ஒவ்வொரு போர்ட்லயும் பழைய ஆளோட மேக் ஒட்டிக்கிட்டிருக்கு, வரிசையா விழுது. 2960ல ஸ்டிக்கி மேக்குக்கு ஏஜிங் கிடையாது, தானா போகவே போகாது, கிளியர் போர்ட்-செக்யூரிட்டி ஸ்டிக்கி இன்டர்ஃபேஸ்னு அந்தந்த போர்ட்டுக்கு அடிச்சாத்தான் போகும். அதனால சீட் மாறுற இடத்துல ஸ்டிக்கி வேண்டாம், அசையாத சாதனத்துக்கு வெச்சுக்குங்க.

எண்ணிக்கை தப்பாப் போற இடங்கள்

போன்: ஐபி போன் சில மாடல்ல ஆன் ஆகறப்ப முதல்ல டேட்டா விலான்ல பேசும், அப்புறம் வாய்ஸ் விலானுக்குப் போகும், ஒரே மேக் ரெண்டு விலான்லயும் ரெண்டா எண்ணப்படலாம். போன் ரெண்டு, சிஸ்டம் ஒண்ணு, மூணு வெச்சா நிம்மதி. மேல மேக்ஸிமம் 3 போட்டது இதுக்குத்தான்.

போனுக்கு பின்னாடி இருக்கற சிஸ்டம்: போனுக்குள்ளயே ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கு. சிஸ்டத்தை கழட்டிட்டு வேற லேப்டாப் மாட்டினா, ஸ்விட்ச் பக்கம் லிங்க் டவுன் ஆகாது, போன் இன்னும் மாட்டித்தானே இருக்கு. பழைய மேக் இடத்தை பிடிச்சுக்கிட்டே இருக்கும், புது லேப்டாப் மீறலாகும். ஏஜிங் டைம் 2, இன்ஆக்டிவிட்டின்னு போட்ட காரணம் இதுதான், ரெண்டு நிமிஷம் பேசாத மேக்கை எடுத்துடும்.

டாக்: யூஎஸ்பி சி டாக்குக்கு தனி மேக் இருக்கும். லேப்டாப் எதுவானாலும் டாக்கோட மேக் ஒண்ணுதான் ஸ்விட்சுக்கு தெரியும். சில லேப்டாப் தன் மேக்கை டாக் வழியா காட்டும், பாஸ்த்ரூன்னு சொல்லுவாங்க. ஒரே மேஜைல ரெண்டு கம்பெனி லேப்டாப் மாறி மாறி உக்காந்தா மேக் எப்படி மாறும்னு முன்னாடியே சொல்ல முடியாது, மாட்டிப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

வைஃபை ஆக்சஸ் பாயின்ட்: கனெக்ட் ஆன மொபைலோட டேட்டாவை உள்ள பொதிஞ்சு ஒரு கன்ட்ரோலருக்கு அனுப்புற (டனல் பண்ற) மாதிரி இருந்தா ஆக்சஸ் பாயின்ட்டோட மேக் மட்டும் தெரியும். நேரா லேன்ல விடுற மாதிரி இருந்தா கனெக்ட் ஆன ஒவ்வொரு மொபைலும் தனி மேக், அதுவும் ஆண்ட்ராய்ட் 10, ஐஓஎஸ் 14 வந்ததுக்கு அப்புறம் மொபைல் எல்லாம் தானா உருவாக்கின மேக்கோட வருது. இந்த போர்ட்ல வரம்பு போட முயற்சியே பண்ண வேண்டாம். இன்னொரு ஸ்விட்சுக்கு போற அப்லிங்க்கும் அப்படியே, விட்டுடுங்க.

வீட்டு வைஃபை ரவுட்டர்: இதுதான் ரொம்ப ஏமாத்தும். யாரோ ஒரு சின்ன ரவுட்டரை கொண்டுவந்து அதோட வேன் போர்ட்ல (இன்டர்நெட் பக்க போர்ட்) ஆபீஸ் கேபிளை மாட்டினா, பின்னாடி இருபது மொபைல் இருந்தாலும் நேட் பண்ணிடறதால ஸ்விட்சுக்கு தெரியறது ஒரே ஒரு மேக். எண்ணிக்கை 1, எல்லாம் சரியா இருக்கற மாதிரி காட்டும். போர்ட் செக்யூரிட்டி இதை கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது.

இது தடுக்காத விஷயங்கள்

1. மேக் காப்பி அடிக்கறது. கேமராவைத் திருப்பிப் பாருங்க, பிரிண்டருக்குப் பின்னாடி பாருங்க, ஐபி போனோட அடியில பாருங்க, வெள்ளை ஸ்டிக்கர்ல பார்கோடோட மேக் அட்ரஸ் அச்சடிச்சே இருக்கும். லினக்ஸ்ல ஒரே கமாண்ட்ல லேப்டாப்போட மேக்கை அதுவா மாத்திக்கலாம். ஸ்டிக்கி போட்ட போர்ட்டும் திறந்துக்கும்.

2. ஏஆர்பி ஸ்பூஃபிங். ஏஆர்பிங்கறது ஒரு ஐபிக்கு எந்த மேக்னு கேட்டுத் தெரிஞ்சுக்கற முறை. தன் சொந்த மேக்கை வெச்சுக்கிட்டே "கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கு போற வாசல்) நான்தான்"னு பொய் சொல்ற தாக்குதல் இது. மேக் ஒண்ணுதான், எண்ணிக்கை மாறாது. இதுக்கு டைனமிக் ஏஆர்பி இன்ஸ்பெக்ஷன் வேணும்.

3. டிஎச்சிபி (சிஸ்டத்துக்கு தானா ஐபி கொடுக்கற வசதி) வெச்சிருக்கற ஐபியை எல்லாம் காலி பண்றது. தாக்குறவன் ஃப்ரேமோட மேக்கையும் மாத்தி மாத்தி கேட்டா போர்ட் செக்யூரிட்டி பிடிச்சிடும். ஃப்ரேம் மேக்கை அப்படியே வெச்சுக்கிட்டு டிஎச்சிபி மெசேஜுக்கு உள்ள இருக்கற கிளையன்ட் மேக்கை மட்டும் மாத்தினா பிடிக்காது. டிஎச்சிபி ஸ்னூப்பிங் போட்டா இந்த ரெண்டும் பொருந்துதான்னு பார்க்கும், போலி டிஎச்சிபி சர்வரையும் தடுக்கும்.

யார் மாட்டுறாங்கன்னு உண்மையாவே தெரியணும்னா 802.1எக்ஸ்தான் வழி, சிஸ்டம் தன் யூசர்நேமையோ சர்டிஃபிகேட்டையோ காட்டினாத்தான் போர்ட் திறக்கும். இந்த ஸ்டாண்டர்ட் 2001லயே வந்துடுச்சு. ஆனா அந்த அடையாளத்தை சரிபார்க்க ரேடியஸ் சர்வர் வேணும், சர்டிஃபிகேட் பார்த்துக்க ஆள் வேணும், 802.1எக்ஸ் தெரியாத பழைய பிரிண்டருக்கு தனி ஏற்பாடு வேணும். அதெல்லாம் இல்லாத இடத்துல போர்ட் செக்யூரிட்டியும் ஸ்னூப்பிங்கும் சேர்ந்து போடுறது நிச்சயமா வேலைக்கு ஆகும், காலி போர்ட்டை எல்லாம் ஷட்டவுன் பண்ணி வெச்சா இன்னும் நல்லது.

ஓடுற நெட்வொர்க்ல போடுறது எப்படி

1. ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் அடிச்சு, இப்ப எந்த போர்ட்ல எத்தனை மேக் இருக்குன்னு ஒரு வேலை நாள்ல ரெண்டு மூணு தடவை எடுத்து வெச்சுக்குங்க. ஒரு மேஜை போர்ட்ல ஏழு மேக் வந்தா அங்க மேஜைக்கு அடியில ஒரு சின்ன ஸ்விட்ச் ஒளிஞ்சிருக்கலாம், அதை முதல்ல போய் பாருங்க.

2. எல்லா போர்ட்டுக்கும் ஒரே அடியா ஷட்டவுன் போடாதீங்க. ரெஸ்ட்ரிக்ட் போட்டு ஒரு வாரம் விடுங்க, லாக் தனியா ஒரு சிஸ்லாக் சர்வருக்கு (லாக் சேர்த்து வெக்கற சர்வர்) போகட்டும். அந்த வாரத்துல விழற மீறல்ல பெரும்பாலானது மேல சொன்ன டாக், போன், விர்ச்சுவல் மெஷின் இதுலதான் இருக்கும், ஒவ்வொண்ணா சரி பண்ணலாம்.

3. அதுக்கு அப்புறம் கேமரா, பிரிண்டர், வராண்டா போர்ட்டுக்கு மட்டும் ஸ்டிக்கியும் ஷட்டவுனும். சேவ் பண்ணிடுங்க.

4. கடைசியா, மேஜை போர்ட் ஒவ்வொண்ணையும் சோதிக்கணும். ஒரு சின்ன ஸ்விட்ச் வழியா வரம்புக்கு மேல ஒரு லேப்டாப் கூடுதலா மாட்டிட்டு ஷோ போர்ட்-செக்யூரிட்டி இன்டர்ஃபேஸ் அடிங்க. கீழ செக்யூரிட்டி வயலேஷன் கவுன்ட்னு ஒரு வரி இருக்கும், அந்த நம்பர் ஏறணும். பூஜ்யத்துலயே நின்னுச்சுன்னா அதே அவுட்புட்டோட முதல் வரியை பாருங்க, "போர்ட் செக்யூரிட்டி: டிசேபிள்டு"ன்னு இருக்கும், அந்த வெறும் வரி விட்டுப் போயிருக்கு.